செம்மரக் காட்டுக்கு மஞ்சள் வேட்டி

வேலூரில் ஒரு கல்லூரி மேடை. காடுகள் ஏன் அழிகின்றன என்பது தலைப்பு. எனக்கு முன் பேசியவர், ஆந்திர மலைகளுக்குச் செம்மரம் வெட்டப் போகும் நம் ஊர்க் கூலிகளை, “கூலிக்காகத் தாயின் கழுத்திலேயே கோடரி வைக்கும் கூட்டம்” என்றார். அரங்கம் அதிரக் கைதட்டியது. மேடையில் தோற்றுப் பழகியவன் அல்லன் நான், அன்றும் தோற்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் சொன்ன அந்தக் கூட்டத்தோடு ஒருமுறை கிளம்பிப் போனவர் என் அக்காவின் கணவர்.

மாமாவுக்கு ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை; தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கம் ஷாப் என்போம். ஆர்டர் இல்லையென்று முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள். பிறகு கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். பச்சைத் தோல் சுமந்து உரமேறிய தோளை வேறு எங்கே கொண்டுபோய் விற்பது? அந்தத் தோளைத் தேடி மலையடிவாரத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். மேஸ்திரி என்பது மரியாதைச் சொல், ஆள்பிடிப்பதுதான் தொழில். குடகில் மிளகு பறிக்கும் வேலை என்று வீட்டில் சொல்லச் சொன்னார். மாமா சொன்னார். அக்கா நம்பினாள்.

செம்மரம் வெட்டுகிறவன் கூலியாகப் பயணம் செய்வதில்லை. திருப்பதி பக்தனாகப் போகிறான். மஞ்சள் வேட்டி, நெற்றியில் நாமம், வேனின் முன்கண்ணாடியில் மாலை. சோதனைச்சாவடியைக் கடக்க அந்த வேடம். எங்களுடையதோ கத்தோலிக்கக் குடும்பம். மாமா கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நெற்றியை நாமத்துக்குக் கொடுத்தார். சித்தூரைத் தாண்டி ஓர் ஓட்டலில் இலை போடும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. பக்கத்து மேசையில் இரண்டு போலீஸ்காரர்கள். சோறு விழுந்ததும் மாமாவின் கை தன்னையறியாமல் எழுந்தது: நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள்கள். நாமத்தின் மேலேயே சிலுவை அடையாளம்.

போலீஸ்காரர்கள் கவனிக்கவில்லை. மேஸ்திரி கவனித்துவிட்டார். “யோவ், கோயிலுக்குப் போறவன் பண்ற வேலையா இது? ஒன்னால வண்டியே உள்ள போய்டும்” என்று வெளியே இழுத்துவந்து, பஸ் நிலையத்தில் விட்டுப் போனார்.

பாதி அழிந்த நாமத்தோடு வந்து நின்றவரை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். “இன்னா இது? குடகுல நாமம் போட்டுக்கினுதான் மிளகு பறிப்பாங்களா?”

மாமா உண்மையைச் சொன்னார். அக்கா அன்று சமைக்கவில்லை.

சில நாளில் மேஸ்திரி மறுபடியும் வந்தார். பிடிபடும் பயத்தில் பழைய ஆட்கள் வர மறுத்துவிட்டார்களாம். “இந்தத் தபா சாப்பாடு பொட்டலமா வாங்கி வண்டியிலயே குடுத்துடறேன். வா.” மாமா எழுந்து சட்டையைத் தேடினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“அண்ணே, மாட்டுனா உள்ள போறது இவரு. சுட்டா சாகறது இவரு. அந்த மரத்தை வாங்கறவன் யாருன்னாவது ஒங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன். அதுக்கு மேல நானே பார்த்ததில்ல. நல்லா பேசற தம்பி. நீ பேசுனா ஷாப்பு தொறந்துடுமா?”

வெட்டுகிறவனுக்குச் சிறை, கடத்துகிறவனுக்குக் கப்பல், வாங்குகிறவனுக்கோ முகமே இல்லை. இந்தச் சந்தைக்கு எதிராக என் நாவில் எத்தனையோ அடுக்குமொழிகள் இருந்தன. ஷாப்பைத் திறக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். “ஷூ கம்பெனியில தையலுக்கு ஆள் எடுக்கறாங்க. நாளையில இருந்து நான் போறேன். இவரு வரமாட்டாரு. நீங்க கெளம்புங்க.” மாமா அவளைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி வாதாடவில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கிருந்தவரும் மாமாவோடு வேலை இழந்தவர்தான். வருஷந்தோறும் திருப்பதிக்குப் போகிறவர், அவருக்கு நாமம் புதிதுமல்ல. மஞ்சள் வேட்டியோடு அவர் வேனில் ஏற, அவர் மனைவி சிரித்தபடி எங்களை நோக்கிக் கையசைத்தாள்.

அக்கா கையசைக்கவில்லை. “எங்க அனுப்பறன்னு தெரியுமாடி?” என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள். அதற்குள் வேன் முனை திரும்பிவிட்டது.