தம்பியின் தலைவர் செத்தபோது

ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையின் வாசல் காவலாளி சயீத், என் ஒருவனின் நலத்தைக் கேட்பதோடு விட்டுவிட மாட்டார். அம்மா எப்படி, மாமன் எப்படி, தம்பி எப்படி என்று குடும்பத்தையே வரிசையாக விசாரித்த பிறகுதான் கேட்டைத் திறப்பார். கோயமுத்தூரில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இவ்வளவு கேட்டதில்லை. இங்கே அது வெறும் மரியாதை. எல்லாவற்றுக்கும் அரபியில் ‘ஜெயின்’, அதாவது நலம், என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு நடக்க வேண்டியதுதான். தம்பி என்று வரும்போது மட்டும் குனிந்து ஷூ லேசைச் சரிசெய்துகொண்டே சொல்வேன். அவன் செத்து ஐந்து வருஷமாகிவிட்டது.

எஞ்சினியரிங் மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டவன் அவன். சீனத் தலைவரே நமக்கும் தலைவர் என்று சுவரில் எழுதியவர்களோடு சேர்ந்து மலைக்காட்டுப் பக்கம் போனான். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற பயல், புரட்சி பண்ணக் கிளம்பினான். அந்தத் தலைவர் நெடும்பயணத்தில் மலேரியாவில் கிடந்தாராம், தோழர்கள் தூக்கிச் சுமந்தே பிழைக்கவைத்தார்களாம் என்று என்னிடம் கண் பளபளக்கச் சொல்லியிருக்கிறான். காட்டில் இவனுக்கும் அதே காய்ச்சல் வந்தது. சுமக்க ஆளில்லை. அங்கேயே புதைத்துவிட்டதாக அவன் கூட்டாளி ஒருவன் கோயமுத்தூரில் என் ஆபீசுக்கு வந்து சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அவன் சீனாவுக்குப் போயிருக்கறான்மா. அந்தத் தலைவரு பாத்துக்குவாரு” என்றேன். அம்மா நம்பிவிட்டாள். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், விசா கிடைத்ததும் ஓடிவந்தவன் நான். சம்பாதிக்க வந்தேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1976 செப்டம்பரில், நோன்பு மாதத்து ஒருநாள் பொழுது இறங்கியதும், சயீதின் அறை வாசலில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரைத் திருப்பினேன். சீனத் தலைவர் காலமானார் என்றது. பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்த மலேரியா அன்றைக்கே இவரைக் கொண்டுபோயிருந்தால்? சீனாவில் பஞ்சமும் சிவப்புப் புத்தகமும் வராமல் போயிருக்கலாம். ரஷ்யாவும் சீனாவும் முறைத்துக்கொள்ளாமல், நம் நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி உடையாமல், என் தம்பி மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதியிருக்கலாம். இல்லை, அவரைவிடக் கொடியவர் ஒருவர் வந்திருக்கலாம். ஜப்பான்காரனே ஜெயித்திருக்கலாம். தம்பியும் வேறு ஒரு தலைவரைத் தேடிப் பிடித்து வேறு ஒரு காட்டுக்குப் போயிருக்கலாம். சரித்திரம் என் வசதிக்கு வளையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதர் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே செத்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருந்தது. அழுதேன்.

சயீத் பதறி எழுந்து வந்தார். அவருக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், “கியா ஹுவா பாய்? மா?” என்றார், என்ன ஆச்சு, அம்மாவா என்று. இல்லையென்று தலையாட்டினேன்.

“பாய்?” என்று மறுபடி கேட்டார், சகோதரனா என்று.

ஆமாம் என்றேன். தம்பி செத்ததை ஐந்து வருஷமாக நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இன்றுதான் சாவுச் செய்தி வந்தது என்று அவர் நினைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து கசப்புக் காபியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். துக்க வீட்டுக்கு இங்கே மூன்று நாள் கணக்கு. மூன்று நாளும் பொழுது இறங்கியதும் எனக்குக் காபி வந்தது. காரியமும் திதியும் காணாத என் தம்பிக்கு, அவன் பெயர்கூடத் தெரியாத ஒருவர் துக்கம் காத்தார். நான் அவரைத் திருத்தவில்லை.

மாதக் கடைசியில் அம்மாவின் கடிதம் வந்தது. “கண்ணு, தம்பியோட சீனாக்காரரு செத்துப்போயிட்டாருன்னு ரேடியோவுல சொன்னாங்க. பாவம், நல்ல மனுசன், இத்தன நாளு பாத்துக்கிட்டாரு. இனி அவன அங்க நிறுத்தி வெக்க ஆளில்லியல்லோ? தீவாளிக்கு நீ லீவுல வாரப்ப அவனையும் கூட்டிட்டு வந்துரு. ரெண்டு பேருத்துக்கும் ஒரே சட்டைத்துணி எடுத்து வெச்சிருக்கறேன்.”

என் லீவு ஏற்கெனவே சாங்ஷன் ஆகியிருந்தது. ஆபீசுக்குப் போய் கேன்சல் செய்யச் சொன்னேன். கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரூமுக்கு வந்து அம்மாவுக்கு எழுதினேன்: “தம்பிக்கு அங்கே வேலை இன்னும் முடியவில்லையாம் அம்மா. இந்த வருஷம் எனக்கும் லீவு இல்லை.”