பன்னிரண்டாவது நாற்காலி

புனித வியாழன் காலை ஏழேகாலுக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பேருந்து கிடைத்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் முப்பது ரூபாய். பெருமுக்கல் குன்றும் பிரம்மதேசத்து வயல்களும் பின்னால் போனதும், ஜன்னல் காற்று பிசுபிசுக்கத் தொடங்கியது. எட்டரைக்கு இறங்கினேன். கல்லூரி நண்பன் சூசை பைக்கோடு நின்றிருந்தான். இங்கே ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அவன்.

"உப்பளம் பாக்கணும்னா இப்பவே போயிடலாம்பா. பத்து மணிக்கு மேல கண்ணைத் தொறக்க முடியாது" என்றான்.

ஒன்பது மணிக்கே எனக்குக் கண் கூசியது. வரப்பு கட்டிய பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தன. நீளக் கழியில் பொருத்திய பலகையால் பெண்கள் உப்பை வாரி வரப்பில் ஏற்றினார்கள். ஒரே இழுப்பு, ஒரு துளி சேறு ஒட்டாமல் உப்பு மட்டும் வந்தது. அந்தக் கைநேர்த்தியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வரப்பேறி வந்தார். குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாக ஏறியிருந்தது. விரலிடுக்குகள் ரணமாகச் சிவந்திருந்தன.

"லூர்து அக்கா. இன்னிக்கு சாயந்திரம் ஃபாதர் கால் கழுவுற பன்னெண்டு பேர்ல இவங்களும் ஒருத்தங்க" என்றான் சூசை.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, இந்த நாளில் பாதிரியார் பன்னிரண்டு பேர் முன் மண்டியிட்டுக் கால் கழுவுவார்.

"இந்தக் காலைப் பாத்தா ஃபாதரே பயந்துடுவாரு" என்று சிரித்தார் லூர்து.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் சூசை பைக்கை நிறுத்தினான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில், லூர்துவின் கணவர் சைக்கிளில் வேலைக்கு வந்தது இந்த வழியாகத்தான். எதிரே அவர்கள் தெருக்காரன் அந்தோணி, குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டி வந்தான். டிராக்டர் மோதி அவர் இந்த வளைவிலேயே இறந்துபோனார். அந்தோணி சிறைக்குப் போய், இரண்டு வருஷம் முன்பு திரும்பினான்.

"எல்லாப் பூசைக்கும் வர்றான். ஆனா வெளியே வேப்ப மரத்தடியிலதான் நிப்பான். யாரும் வராதேன்னு சொல்லல. வான்னும் சொல்லல" என்றான் சூசை.

மாலை ஐந்தரைக்குப் பூசை தொடங்கியது. ஓடு வேய்ந்த கோயில்; வாசல்வரை கூட்டம். பீடத்தின் முன் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாமவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். பாதிரியார் தோளில் துண்டோடு காத்திருந்தார். சூசை கூட்டத்தில் ஆள் தேடினான்.

லூர்து எழுந்தார். நடுவழியாக நடந்து வெளியே போனார். வாசலருகே நின்றிருந்த நானும் திரும்பினேன். வேப்ப மரத்தடியில் ஒடிசலாக ஒருவன் கைகட்டி நின்றிருந்தான்.

"அந்தோணி, உள்ள வா. ஒரு நாற்காலி காலியா இருக்குது."

அவன் ஓரடி பின்வாங்கினான். "வேணாங்க்கா. அன்னிக்கு பிரேக்கை மிதிக்காத கால்க்கா இது. இதையா ஃபாதர் கழுவணும்?"

"வேற எந்தக் காலைக் கழுவுறதாம்? வா."

அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். சிறிது நேரம் கழித்து அந்தோணி செருப்பைக் கழற்றினான். கூட்டம் விலகி வழிவிட்டது. பாதிரியார் முதலில் அவன் முன்தான் மண்டியிட்டார். தாம்பாளத்தில் அவன் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவர் துடைத்து, அந்தப் பாதத்தை முத்தமிட்டார். அந்தோணி சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். லூர்துவின் முறை வந்தபோது, வெடிப்பில் தண்ணீர் பட்டு அவர் பல்லைக் கடித்ததையும் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் அவரிடம் கேட்டேன்: "அவரை மன்னிச்சிட்டீங்களா அக்கா?"

"தெரியலீங்க. காலையில எழுந்து அந்த சைக்கிளைப் பாத்தா இன்னும் வயிறு எரியுது. அதுக்காக கோயில்ல அவனுக்கு எடம் இல்லன்னு நான் சொல்ல முடியுமா? அது இன்னா என் வூடா?"

மறுநாள், பெரிய வெள்ளி காலை ஆறரைக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பேருந்தில் ஏறினேன். பாவம், கிருபை என்ற இரண்டு சொற்களையும் ஞாயிறுதோறும் கேட்டே வளர்ந்தவன் நான். அவை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை முந்தின நாள்தான் பார்த்தேன். சென்னையில் எங்கள் பங்குக் கோயிலிலும் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார்கள். ஒரு வருஷம் நானும் உட்கார்ந்தேன். அன்று மாலை வீட்டில் சோப்புப் போட்டு இரண்டு முறை காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.