பாராட்டிப் பயமுறுத்திய வாரம்

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர் ஆன புதிதில் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வேன். மெஷின் இரைச்சலில் வேறு எப்படிப் பேசுவது என்று நினைத்துக்கொள்வேன். மெஷின் ஓடாத டீ நேரத்திலும் அப்படியேதான் பேசினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மேனேஜருக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஆட்களிடம் பேசுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். 'தினமும் ஐந்து பேரையாவது பாராட்டுங்கள்' என்பது அதில் முதல் வரி. உற்பத்திக் கணக்கையே பார்த்துப் பழகியவன் நான். ஐந்து என்றால் ஐந்து.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். இரண்டு பேரை முடித்துவிட்டு, சீட் கவர் தைப்பவரிடம் போய், "தையல் ரொம்ப அழகா இருக்கு, நன்றி" என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கவரைத் திருப்பித் திருப்பித் தப்புத் தேடினார். அடுத்தவர் "சரி சார், சரி சார்" என்று பின்வாங்கினார். புதன்கிழமை நான் கேன்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை அக்கா வந்தார். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வருகிறவர், சீட் தயாராகும் லைனிலேயே பழைய ஆள், எல்லோருக்கும் அக்கா. பின்னால் நான்கைந்து பேர் நின்றார்கள்.

"சார், மறைக்காம சொல்லணும். லைன மூடப் போறாங்களா?"

"யாரு சொன்னாங்கக்கா?"

"யாரும் சொல்லல. திங்கக்கெழமையிலேர்ந்து நீங்க எல்லாருக்கும் நன்றி சொல்லிகினு கீறீங்க. எங்க வூட்டுக்காரர வேலைய வுட்டு அனுப்பறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் நல்லா பேசுனாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். அக்கா முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"அப்ப திங்கக்கெழம நான் எத்தினியாவது ஆளு சார்?" என்று தையல்காரர் கேட்டார்.

"மூணாவது."

அவ்வளவுதான். அக்கா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓயும்வரை நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்: "சரி, நான் இன்னாதான் பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "ஓ.டி. இருந்தா காலையிலயே சொல்லுங்க சார். மூணு மணிக்கு முடியற ஷிப்டுல ரெண்டே முக்காலுக்கு வந்து, ரெண்டு மணி நேரம் கூட நில்லுங்கன்றீங்க. எம் பொண்ணு ஸ்கூல் வேன்லேர்ந்து எறங்கி, பூட்டுன வூட்டு முன்னாடி நிக்குது."

உண்மையில் பத்து மணிக்கே எனக்குத் தெரிந்துவிடும். வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன். அதை அன்று ஒப்புக்கொண்டேன். "முன்னாடியே சொன்னா ஆளாளுக்குக் காரணம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

"காரணம் இருக்கறவங்க சொல்லுவாங்க. இல்லாதவங்க நிப்போம். கேட்டுதான் பாருங்களேன்."

மறுநாள் பத்து மணி டீயில் சொன்னேன்: "இன்னிக்கு ரெண்டு மணி நேரம் ஓ.டி. எட்டுப் பேர் வேணும்."

ஒருவர், படப்பையில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இன்று முடியாது, நாளைக்கு நிற்கிறேன் என்றார். இன்னும் இரண்டு பேர் காரணம் சொன்னார்கள். மற்றவர்கள் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஓ.டி.க்கு ஆட்களைக் கத்தி நிறுத்தியே பழகிய நான், முதல்முறையாக மூன்று பேரிடம், "நீங்க வூட்டுக்குப் போங்க" என்றேன். அக்கா அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, மகளை உட்காரவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டிருந்தார். அன்றைய வேலை முணுமுணுப்பே இல்லாமல், நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"சார், பக்கத்து வூட்டுல எம் பொண்ணுக்குச் சுடச்சுட வடை சுட்டுக் குடுத்துகீறாங்க. காலையில எழுந்ததும் மொதக் கேள்வியே, இன்னிக்கும் ஓ.டி. இருக்காம்மான்னுதான்."

பத்து மணி டீயில் எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னிக்கு ஓ.டி. இல்ல" என்று அறிவித்தேன். இல்லாத ஒன்றைச் சொன்னதற்கு லைனே கைதட்டியது. அக்கா மட்டும், "ஐயோ, எம் பொண்ணு உங்க மேல கோவப்படும் சார்" என்றார்.