எகிப்துக்காரரின் முழங்கால்

ஜெயிலில் மாற்று லுங்கி கொடுப்பார்களா? போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் தீவிரமாக யோசித்த விஷயம் இது.

அன்று முதலில் மேற்குத் தாம்பரத்தில் கோயில். மீனா — என் மனைவி — வியர்த்த நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம் அப்பிவிட்டாள். அப்படியே மின்சார ரயிலேறி மியூசியம். எகிப்துக் கல் ஒன்று வைத்திருக்கிறார்களாம்.

இடுப்புயரச் சுண்ணாம்புக்கல். மூவாயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெரிய மனிதரின் நினைவுக்கல். செங்காவி உடம்போடு அவர் நிற்கிறார். எதிரே மேஜை நிறையப் படையல். கண்ணாடி கிடையாது. ஒரு கயிறு மட்டும்.

கல்லில் ஆள், முன்னால் படையல்... நம் கை சும்மா இருக்குமா? புது செல்போனுக்கே சந்தனப் பொட்டு வைக்கிற கூட்டமாயிற்றே! என்னை அறியாமல் அவர் முழங்காலைத் தொட்டேன். கண்ணில் ஒற்றினேன், நெற்றியில் ஒற்றினேன், விரலைப் பார்த்தேன்...

சிவப்பு!

கல்லைப் பார்த்தேன். முழங்காலில் நகமளவுக்குப் பெயிண்ட் இல்லை! பாலைவனத்துக்கே அசராத சாயத்தை, ஒரே தடவலில் பெயர்த்துவிட்டேனே! கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் செருகினேன்.

"மீனா, வா, போயிடலாம்."

"இன்னும் பார்க்கவே இல்லையேங்க?"

அதற்குள் மியூசியக் காவலர் வந்துவிட்டார். "இன்னா சார், கயித்த தாண்டி கை பூட்டுச்சே? பாக்கெட்ல இன்னா கீது? கைய எடு."

எடுத்தேன். விரல் மட்டுமா, கிரீம் கலர் பேண்ட்டும் சிவப்பு.

"அண்ணே, வேணும்னு செய்யலை. வீட்ல கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருக்கு. நானே வந்து டச்-அப்..."

மீனா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அசடு! நெத்தில நான் வெச்ச குங்குமம் எங்க?"

காவலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த முட்டி வரும்போதே அப்டித்தான் சார் வந்துச்சு. போன வாரம் ஒரு அக்கா எலுமிச்சம்பழமே வெச்சிட்டுப் பூட்டாங்க. ஆனா தொடாத சார், பேஜாராயிடும்."

போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் பக்கத்து விளக்க அட்டையைப் படித்தோம். இந்த வழியாகப் போகிறவர்கள் தனக்கு ரொட்டியும் பீரும் கிடைக்க வேண்டிக்கொள்ள வேண்டுமென்று அவரே கல்லில் எழுதி வைத்திருக்கிறாராம்.

பாவம், வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்! இரண்டடி தள்ளி நின்று, கையைக் கட்டி, கண்ணை மூடினேன்.

ரொட்டிக்கு மட்டும் சத்தமாக வேண்டிக்கொண்டேன் — மீனா பக்கத்திலேயே நின்றாள்.