ரத்தினவேலு சரியாகத்தான் பார்த்தார்

போன பௌர்ணமியன்று பகல் பதினொரு மணிக்கு என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் வந்தது. "செக்கிங் ரத்தினம் போயிட்டாருண்ணா. காத்தால டீ குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்று நம் கிளப்பின் பழைய ரைடர் ஒருவர் அடி அண்ணாமலையில் ரத்தினவேலுவின் வீட்டிலிருந்து சொன்னார். கையிலிருந்த பிரேக் ஷூவை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டதால் ஆட்டோ செங்கம் சாலையோடு நின்றுவிட்டது. மலை சுற்றுகிறவர்களோடு நானும் நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். பக்தியில் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நம் கிளப்பில் பின்னால் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவில்தான் டிராக் ரேஸ் நடத்தினோம். நேராக ஓடிய அந்தத் தார் ரோட்டில் இரண்டிரண்டு பைக்காக நின்ற இடத்திலிருந்து கிளம்பும். கால் மைலை முதலில் கடக்கிறவன் ஜெயித்தவன். நான் செயலாளர். வேட்டவலம் சாலையில் லேத் பட்டறை வைத்திருந்த ரத்தினவேலு, ஒவ்வொரு வண்டியையும் சோதித்து, ஓட விடலாமா கூடாதா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்.

பிரேக் பிடிக்கிறதா, பெட்ரோல் கசிகிறதா, முறுக்கிய ஆக்சிலேட்டர் கையை எடுத்ததும் தானாகத் திரும்புகிறதா, ஹெல்மெட் வார் சரியாக மாட்டுகிறதா என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார். எனக்கோ கோபம் ஜாஸ்தி. வெயில் ஏற ஏற, "யோவ், வண்டி பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கத்துவேன். அவர் நிமிரவே மாட்டார். "ஜெயிக்கறது உங்க வேலை. வந்தவன் வந்த மாதிரியே வூட்டுக்குப் போறது என் வேலை. கம்முனு இருங்க செயலாளரே" என்பார்.

ஒரு வருஷம் அவருக்கே ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்தார். வரிசையில் நிறுத்தினார். குனிந்து தன் வண்டியைத் தானே சோதித்தார். முன்பிரேக் கொஞ்சம் கம்மியாகப் பிடித்தது. "தகுதியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து நிலத்தில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தாளை மாற்றவில்லை.

அவருக்குப் பெரிய தலைவலி எலுமிச்சம்பழம். நம் ஊரில் பூஜை போடாமல் எவன் ரேஸுக்கு வண்டி எடுப்பான்? மாலை, எலுமிச்சை, மஞ்சள் கயிறு என்று ஒவ்வொரு வண்டியும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் வந்து நிற்கும். தொங்குவது எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்பது விதி. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கும்பிடு போட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தட்டில் வைப்பார். "சாமியையே அவுக்கிறியா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. "சாமி தட்டுல உக்காந்து ரேஸ் பாக்கட்டும்பா" என்பார்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. என் தம்பி செல்வத்தின் விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லைக் கோட்டைத் தாண்டியும் வண்டி வேகம் குறையாமல் போய் மனைக்கல்லில் மோதியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ரத்தினவேலு சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமாக நீங்கள் நம்புகிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்றியவன் நான்.

அன்று எங்கள் அம்மா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் கட்டிய எலுமிச்சம்பழத்தை ரத்தினவேலு விதிப்படி அவிழ்த்துவிட்டார். "வெறும் வண்டியில எம்புள்ள போறானேடா, நீதான செக்கரட்டரி?" என்று அம்மா கண் கலங்கினார். தம்பி ஒரு பக்கமாக நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். முன்விளக்கைப் பார்ப்பதுபோல் குனிந்து, வலது கைப்பிடிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் பழத்தை நானே திரும்பக் கட்டினேன். கயிற்றின் நுனியை நறுக்கவில்லை. ஓட்டத்தில் அது ஆக்சிலேட்டருக்குள் சுற்றிக்கொண்டது. முறுக்கிய பிடி திரும்பவில்லை.

எல்லோரும் தம்பியைத் தூக்க, ரத்தினவேலு வண்டியை நிமிர்த்தினார். கைப்பிடியிலிருந்து மஞ்சள் கயிற்றை உருவினார். என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கும். கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்துத்தானய்யா உட்டே?" என்று கூட்டம் அவரைச் சூழ்ந்தபோது, "பாத்தேன். கையெழுத்து என்னுதுதான்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே கிளப் கூடி அவரைச் சோதனைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. 'கவனக்குறைவு' என்று கடிதத்தில் எழுதியது என் கை. பாவி, எப்படி எழுதினேனோ!

மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய் நின்றேன். லேத்தை நிறுத்தினார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"இப்ப வேணாம். அந்தம்மா காதுல உழுந்தா, எம் பழந்தான் புள்ள காலை ஒடச்சிதுன்னு உசுர உட்டுடுவாங்க. தம்பி எழுந்து நடக்கட்டும். அப்புறம் நீயே சொல்லு."

"அதுவரைக்கும் உனக்குக் கெட்ட பேராச்சே?"

"எனக்கு இன்னா, லேத்து ஓடினாப் போதும். போ, கடையப் பாரு."

தம்பி ஆறு மாதத்தில் நடந்தான். நான் சொல்லவில்லை. அம்மா இருக்கிறாரே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சாக்கும் போன பிறகும் வாய் வரவில்லை. கடைத்தெருவில் ஓட்டை உடைசல் வண்டியைக் கண்டால், "ரத்தினம் பாஸ் பண்ண வண்டியா?" என்று கேலி பேசுவீர்கள். அவர் காதுபடவே பேசியிருக்கிறீர்கள். என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை அந்தக் கேலி அவர் காதில் விழுந்தது. கிளாஸை வைத்துவிட்டு, "டீயில சக்கரை ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். என்னிடம் ஒரு நாளும் நினைவுபடுத்தியதில்லை. ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

சாவு வீட்டில் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "தங்கமான மனுசன். அந்த ஒரு தபாதான் தப்பு பண்ணிட்டாரு." ரத்தினவேலுவின் மனைவி தலை குனிந்துகொண்டார். அங்கேயே, ரத்தினவேலுவின் காலடியில் உட்கார்ந்து, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எங்ககிட்டகூட அவரு சொல்லலீங்களே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தம்பியிடம் சொன்னேன். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்றுதான் போனேன். இலேசாகக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு மூணு தபா பிரெட்டும் பழமும் எடுத்துக்கினு வந்தாருண்ணா. மூணு தபாவும் நான் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கினேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவர திரும்பிப் பாத்திருப்பேன் இல்ல?"

அன்றைய சோதனைத் தாளை இத்தனை நாள் என் மேசைக்குள் வைத்திருந்தேன். அதில் அவர் எழுதியது அத்தனையும் உண்மை. அதைக் கிளப்பிடம் கொடுத்துவிடுகிறேன், சுவரில் மாட்டி வையுங்கள். தம்பி கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.