நான் போட்ட வெள்ளைக் கோடு

செல்வி அக்கா வீட்டுப் பாதையில் கன்டெய்னர் லாரி சிக்கியதற்குக் காரணம் அந்த ஓட்டுநர் அல்லர். நான்!

ஊரில் யாருக்கும் இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வரைபடத்தில் கைவைக்கும் எண்ணம் தோன்றிய கணம் நன்றாக நினைவிருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்த புதிது. ரயில்வே கேட்டில் ஸ்கூட்டியோடு காத்து நின்றேன். பொழுது போகாமல் கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தொழிற்பேட்டைத் தெருக்கள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிர்பச்சை. நாங்கள் இல்லவே இல்லையா என்ன? விடுபட்ட சாலையை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் கேட் திறந்ததையே கவனித்தேன்.

அன்றே தொடங்கிவிட்டேன். கோயில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம்… எல்லாம் ஏற்றினேன். கடைசியில் அந்தப் பாதை. செல்வி அக்காவின் வீட்டுக்குப் போகும் மண்வழி அது. வீட்டைத் தாண்டி, வாய்க்கால்மேல் அவர்களே கட்டிய சின்னப் பாலம்; அதற்கப்பால் அவர்கள் நெல்வயல்; வயலோரமாகப் போனால் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை. கேட்டுக்குப் பயந்து நான் தினமும் அதில்தான் போவேன். ஸ்கூட்டிக்குத் தாராளம்.

நடைபாதை என்று குறித்தேன். மெல்லிய புள்ளிக்கோடு விழுந்தது. சாலை என்று மாற்றினேன். தடித்த வெள்ளைக் கோடு! எந்தெந்த வண்டி போகும் என்று கேட்டது. எல்லாம் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? புள்ளிக்கோடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அவ்வளவுதான்… வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

முதலில் பைக்குகள் வந்தன. பெருமைப்பட்டேன். பிறகு சரக்கு வேன்கள். நெல் முற்றி, அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியிருந்த வாரத்தில் அந்தக் கன்டெய்னர் வந்தது. பாலம் உடைந்து பின்சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கிவிட்டன. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. தொழிற்பேட்டைப் பக்கத்து வயலோர வழி அறுவடை இயந்திரத்தின் அகலத்துக்குப் போதாது; வயலுக்குள் அது இறங்க அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

“கண்ணு இன்னா பொடனிலயா கீது ஒனக்கு? ஊட்டுக்குப் போற வழின்னு தெர்ல?” என்று கத்தினார் அக்காவின் கணவர்.

ஓட்டுநர் ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள்; பாதி தெலுங்கு, பாதி தமிழ். “நா தப்பு காது நைனா! மேப்பு ரோடுன்னு காட்டுது, நீயே பாரு!”

“மேப்பு காட்னா ஏரில எறக்குவியா? தோ, பழவேற்காடு பக்கந்தான். போயி எறக்கேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன்!

படித்தவள் மாதிரித் தெரிந்ததாலோ என்னவோ, ஓட்டுநர் கைபேசியை என்னிடம் நீட்டினார். என் வெள்ளைக் கோடு அதில் தெளிவாக இருந்தது. “சில நேரம் மேப் தப்பாக் காட்டும்ணா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கிரேன் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. லாரிக்கு அடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். “சல்லகா உண்டு, தல்லி. நல்லா இரு” என்றார். அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டேன். அவர் வேலை பிழைத்ததா, போனதா… விசாரிக்க இதுவரை தைரியம் வரவில்லை.

நெல் சாய்ந்தது. தண்ணீரில் கிடந்த கதிர்களில் பச்சையாக முளை விட்டிருந்தது. ஒரு கதிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு செல்வி அக்கா சொன்னார்: “எந்தப் பேமானி இத்த ரோடுன்னு போட்டானோ, அவன் ஊட்ல ஒல கொதிக்காம போவ!” அதே மூச்சில் என் கையைப் பிடித்தார். “நீ படிச்ச பொண்ணாச்சே கண்ணு. அந்த மேப்புலர்ந்து இத்த எடுத்துடேன்.”

எடுத்தேன். என் கோட்டை நானே அழித்தேன். ஊரே மெச்சியது! அக்கா தூக்குவாளியில் எறாக் குழம்பு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது… அதையும் சொல்லத்தானே வேண்டும்?

பாலத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். போன வாரம் பார்க்கிறேன், கோடு மறுபடி வந்திருக்கிறது. வண்டிகள் ஓடிய தடத்தை வைத்து அதுவாகவே போட்டுக்கொண்டதா, என்னைப்போல் இன்னொருவர் சேர்த்தாரா, தெரியவில்லை. இந்த முறை என்னை அழிக்க விடவில்லை; புகார்தான் அனுப்ப முடிந்தது. பதில் இல்லை. இனி அதை நம்பிப் பயனில்லை. பாதையின் வாயிலில் இரண்டு இரும்புக் குழாய் நட்டுச் சங்கிலி போட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். டிராக்டரோ அறுவடை இயந்திரமோ வந்தால் அவிழ்த்துக்கொள்ளலாம்.

சற்றுமுன் அக்கா போனில் கூப்பிட்டார். “குழாய் வந்துச்சு கண்ணு. எங்க நடணும்னு நீ வந்து காட்டு. இந்த ஊர்ல எனுக்குன்னு நெனைக்க ஒன்ன வுட்டா வேற யார் கீறா?”

கிளம்பிக்கொண்டிருக்கிறேன். குழி தோண்டுவதற்குமுன் சொல்லிவிட வேண்டும். சங்கிலி மாட்டி முடித்த பிறகு என்றால், திரும்பவும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிடுவார்.