முனகல் அடங்கிய வண்டி

இன்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே பழைய ஆயில் விட்டார்கள். அந்தக் கருகிய வாடை, இடுக்கி மலையில் இப்போது காடாகிவிட்ட எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது.

அப்பா ஓட்டிய கொழுந்து வண்டி, மூடுபனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல், வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டே ஏறிவரும். முன்பு வேலை பார்த்த ஃபேக்டரி மெஷின் இரைச்சலில் காது மந்தமான அப்பாவுக்கு அந்த முனகல் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைக் குலுக்க, எட்டு வயதுப் பெண்ணான நான் அடியில் படுத்துக் காது கொடுத்தேன்.

"எங்க கேக்கு, தாயி?"

"பின்னாடி, இடது பக்கம்ப்பா."

அப்பா அங்கிருந்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே ஆயில் விட்டதும் முனகல் அடங்கியது. அதுவரை அந்த முனகல் மறைத்திருந்த ஒரு மெல்லிய 'டிக்' ஓசை எனக்குக் கேட்டது.

"இன்னும் என்னமோ கேக்குப்பா."

"ஆயில் எறங்கட்டும், அதுவும் போயிரும்."

மறுநாள் மழையில், கொழுந்து மூட்டைகளோடு இறங்கும்போது, விரிசல் விட்டிருந்த அந்தப் பட்டை முறிந்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அப்பா பிழைத்தார், வலது கால் போயிற்று.

ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர், "முன்னாடியே ஒண்ணும் தெரியலையா வே?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "புள்ள சொல்லுச்சு சார். நாந்தான் கேக்கல."